இறால் வாசம்

தூத்துக்குடியில் இறால் கம்பெனி ஒன்றில் உரிக்கும் வேலை பார்க்கிற மெர்சலின், வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குள் நுழையமாட்டாள். கொல்லைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துக் குளித்து, சேலை மாற்றின பிறகுதான் மகளைத் தொடுவாள். ஜெனோவா கைக்குழந்தையாக இருந்தபோது வேலை முடிந்த கையோடு ஆசையில் கொடுத்த ஒரே ஒரு முத்தத்துக்கு, இறால் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளையின் தொண்டை வீங்கி, அது பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

அன்றிலிருந்து பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பட்டை. ரத்தத்தில் இருக்கிற காவல் அணுக்கள் இறாலைக் கண்டு, 'எதிரி வந்துட்டான்' என்று ஒன்றுக்கொன்று சேதி அனுப்பத் தொடங்கினால் பட்டை அலறும்.

இந்தக் கோடை முழுக்க ஆஸ்பத்திரியில் அந்த அணுக்களுக்கு வேறொரு சேதியைப் பழக்கினார்கள்: 'நம்ம ஆள்தான், சும்மா இரு.' நேற்று டாக்டரம்மா, "இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டார். மெர்சலினுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இன்றும் குழாயடிக்கே போனாள்.

சோப்பைக் கையில் எடுப்பதற்குள் ஜெனோவா ஓடிவந்தாள்.

"ஏட்டி, கிட்ட வராத!"

வந்தவள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இறால் ஈரம் காயாத உள்ளங்கையில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள். மெர்சலின் மூச்சை அடக்கிக்கொண்டு பட்டையையே பார்த்தபடி நின்றாள். நேரம் போனது. பட்டை அலறவில்லை. பிள்ளையின் உதடு தடிக்கவுமில்லை.

"அம்மா, ஒன் மேல என்னா நாத்தம்!" என்று மகள் மூக்கைப் பிடித்தாள்.

"நாறினா நாறட்டும்டி!"

மெர்சலின் சோப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்தாள். ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவே பார்க்கச் சுற்றிவந்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள்.