பழைய ஆயில் சீலுக்கு மனசு ஆறவில்லை

வயசான பைக் ஒன்றின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்ததாம். அதை ஒழுகவிடாமல் காத்துவந்த ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்துபோயிருந்தது. மெக்கானிக் ஜெபராசு அதை நெம்பி எடுத்துவிட்டுப் புதுசை வைத்தார். அதை அடித்து இறக்க அவர் எடுத்த சுத்தியலைப் பார்த்ததும் புதுசு அலறியது.

"அண்ணே, நான் கிழிஞ்சிருவேன்!"

"கிழிஞ்சு போ. என் இடந்தானே கேட்டுது உனக்கு?" என்று முறைத்தது பழசு.

ஜெபராசு பழசைத் தூக்கிப் புதுசின் தலைமேல் வைத்துத் தட்டினார். நழுவிவிடலாமா என்று பார்த்தது பழசு. ஆனால் புதுசு கிழிந்தால், இத்தனை வருசம் தான் கட்டிக்கொண்டிருந்த ஃபோர்க் மறுபடி ஒழுகுமே! பல்லைக் கடித்துக்கொண்டு அடியெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. புதுசு நோகாமல் இறங்கி உட்கார்ந்தது.

எல்லாம் மாட்டி, ஜெபராசு வண்டியை அமுக்கிப் பார்த்தார்.

தரையில் கிடந்த பழசு கேட்டது: "என்னடா, ஒழுகுதா?"

"ஒரு சொட்டுகூட இல்லண்ணே!"

"நல்லாப் பாத்துச் சொல்லுடா" என்றதாம் பழசு.