படத்தின் பின்பக்கம்

“இந்த இழை இங்க வந்து சேரவே கூடாதே!” என்றார் பரசுராமன். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் தூக்கிப் பிடித்திருந்தது பட்டுச்சேலை அல்ல, இதயத்தை ஸ்கேன் எடுத்த படம்.

ஆரணியில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழைச்சேலை கிடையாது. எந்தச் சேலை வந்தாலும் முதலில் பின்பக்கம் திருப்புவார். பிழையெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பார். பழக்கதோஷம், படத்தையும் திருப்பித்தான் பிடித்திருந்தார். எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்ததை அவர் சட்டை செய்யவில்லை.

மகள் பரிமளாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை சுதாகர், செய்யாரில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடி மயங்கி விழுந்துவிட்டான். இதயத்தைப் படம் எடுத்துக் காட்டினால்தான் கல்யாணம் என்று நின்றார் பரசுராமன்.

“அப்போ நீங்களும் எடுக்கணும்ப்பா. மாடி ஏறினா உங்களுக்குந்தான் மூச்சு வாங்குது” என்று பிடிவாதம் பிடித்தாள் பரிமளா. மாமனாரும் மருமகனும் வேலூருக்குப் போய் எடுத்துக்கொண்டார்கள்.

இன்று சுதாகர் இரண்டு படங்களையும் வாங்கி வந்திருந்தான். சுத்தமாக இருந்ததை மடியில் போட்டுக்கொண்ட பரசுராமன், மற்றதைத்தான் இவ்வளவு நேரம் குடைந்துகொண்டிருந்தார்.

“மாமா, டாக்டர் சொன்னாருங்க. ஒரு ரத்தக்குழாய் இடம் மாறி முளைச்சிருக்குதாம். பிறவியிலயே அப்படியாம், இந்த வகையில ஆபத்து ஒண்ணும் இல்லையாம்...”

“நீ இருப்பா. பிழைன்னா பிழைதான்.”

“அதில்லைங்க மாமா, அது வந்து...”

“என்ன வந்து, போயி? தெரிஞ்சே பிழைச்சரக்கை என் பொண்ணு தலையில கட்டுவேனா? இதைக் கட்டிகினு எவ மாரடிக்கிறது?”

பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பத்திரிகைகூட அச்சுக்குப் போய்விட்டது. அவன் இல்லாமல் இனி இன்னொருத்தனா?

வெடுக்கென்று படத்தைப் பிடுங்கினாள். முன்பக்கமாகத் திருப்பி, மேலே இருந்த பெயரையும் வயதையும் படித்தாள். அழ வந்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது.

சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

“அம்மா, முப்பது வருஷமா இதைக் கட்டிகினு நீதாம்மா மாரடிக்கிற!”