உப்பு ஏரியில் ஒரு புள்ளி

"அந்தக் கருவியை இன்னைக்கே கழட்டிடுங்க, நோரீன். அடுத்தவங்க வண்டியில அவங்களுக்குத் தெரியாம ஒட்டினதே குற்றம்."

"ஜெயிலா கண்ணு?"

"அபராதம் போடலாம். ஜெயிலும் போடலாம்."

"போட்டா போடட்டும். எழுபத்தோரு வயசுல யாராவது சமைச்சுப் போட்டா வேண்டாம்னா சொல்வேன்?" என்றாள் நோரீன். ஆனால் சிரிக்கவில்லை.

எலெனி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை கோதுமை விளையும் இந்தச் சிற்றூருக்கு வருகிற வக்கீல். இலவச ஆலோசனைக்கு நூலகத்தின் பின்னறையை ஒதுக்கியிருந்தார்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே நோரீன் பேச ஆரம்பித்துவிட்டதால், முதலில் நிரப்ப வேண்டிய தாள் மேசையில் வெறுமையாகவே கிடந்தது.

நூலக வாசலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எலெனி உள்ளே வந்திருந்தாள். 'காணவில்லை: ஜோடி டக்வெல், வயது 29.' எதிரே இருப்பவள், இன்றைய சந்திப்புப் பட்டியலின்படி, நோரீன் டக்வெல். இதில் கேட்க என்ன இருக்கிறது?

"எட்டு மாசம் ஆச்சு" என்றாள் நோரீன். "புருஷனோட சண்டை போட்டுட்டு பெர்த்துக்கு ஓடிப்போயிட்டான்னு ஊர்ல பேசிக்கறாங்க. ஓடிப்போறவ நாயை விட்டுட்டுப் போவாளா? ஜோடி அந்த நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடறவ."

"போலீஸ் அவனை விசாரிச்சாங்க இல்ல?"

"ரெண்டு தடவை. ஒண்ணும் கிடைக்கலை. டிவியில அழுதான். நானும் பக்கத்துல நின்னு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன்."

"அந்தக் கருவியை எங்க வாங்கினீங்க?"

"பண்ணைச் சாமான் கடையில. வண்டி எங்க போகுதுன்னு போன்ல காட்டும். நாலு சக்கர பைக் திருட்டுப் போகாம இருக்க எல்லாரும் வெச்சிருக்கறதுதான். காந்தம் இருக்கு, ஒட்டினா ஒட்டிக்கும்."

"அவன் வண்டிக்கிட்ட எப்படிப் போனீங்க?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அவன் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். புதினா பறிக்கிறேன்னு வெளிய வந்து ஒட்டிட்டேன்."

"இன்னமுமா அவனுக்குச் சாப்பாடு போடறீங்க?"

"போடறேன். ரெண்டாவது தட்டும் கேட்பான்."

நோரீன் கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"மத்தவங்ககிட்ட இதைக் காட்டினா அது இன்னொரு குற்றம்" என்றாள் எலெனி. "நான் உங்க வக்கீல். எனக்குக் காட்டலாம்."

திரையில் சாம்பல் நிறப் பரப்பு. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

"உப்பு ஏரி. தண்ணி வத்திப்போன வெறும் உப்புத் தரை. வீடு கிடையாது, வேலி கிடையாது, மீனும் கிடையாது. என் வீட்டுல சாப்பிட்டு முடிச்சதும் நேரா இங்க போறான். இருபது நிமிஷம். ஆறு வாரமா ஒரே இடம். ஒரு அடிகூட மாறலை."

எலெனி கைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதைக் கோர்ட்டு ஏத்துக்குமா கண்ணு?"

"சட்டத்துக்கு விரோதமா எடுத்த சாட்சின்னு நீதிபதி தூக்கிப் போடலாம். ஏத்துக்கவும் செய்யலாம். எனக்கே நிச்சயமாத் தெரியலை. ஆனா உங்க பேரைச் சொல்லாம நான் போலீசுக்கு இடத்தை மட்டும் சொல்ல முடியும். தோண்டிப் பார்க்கறது அவங்க வேலை."

"தோண்டினா... அவன் தப்பிக்க முடியாது, இல்ல?"

"அங்க அவ இருந்தா, கஷ்டம்தான்."

நோரீன் கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு தடவை ஜோடி கையில கட்டோட வந்தா. குதிரை உதைச்சதுன்னு சொன்னா. நம்பிட்டேன்னு அவ நினைக்கிற மாதிரி நடந்துக்கிட்டேன். அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்."

எலெனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களையே நொந்துக்காதீங்க. பெத்த வயிறு என்ன பாடு படும்னு எனக்குப் புரியுது."

"பெத்த வயிறு..." நோரீன் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டாள். "போலீஸ் எப்போ வருவாங்க? திங்கக்கிழமைக்கு மேல வந்தாப் பரவாயில்லையா?"

"ஏன்?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஆட்டுத்தொடை வாங்கி வெச்சிருக்கேன். ஒரு வேளை... சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"அந்தப் பாவிக்கா?"

ஜன்னலுக்கு வெளியே கோதுமை லாரி ஒன்று புழுதியோடு போனது. அது கண்ணுக்கு மறையும்வரை நோரீன் பார்த்தாள்.

"அவங்க எப்போ வருவாங்கங்கறது என் கையில இல்ல நோரீன்" என்றாள் எலெனி, குரலைத் தணித்து. "சொல்லலாமா வேண்டாமா, அது உங்க கையில."

"சொல்லிடு" என்றாள் நோரீன். "அவளை அந்த உப்புல இனியும் விட்டுவைக்கக் கூடாது."

எலெனி வெறுமையாகக் கிடந்த தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"இதை முதல்லயே எழுதியிருக்கணும். அவனோட முழுப் பேரு?"

"க்ரெய்க் டக்வெல்."

பேனா நின்றது. "டக்வெல் உங்க பேரு. ஜோடியோட பேரு. உங்க மருமகன் பேரைக் கேட்டேன்."

"ஜோடிக்கு அந்தப் பேரு கல்யாணத்துல வந்தது கண்ணு" என்றாள் நோரீன். விரலால் தாளின் கடைசிக் கட்டத்தைத் தொட்டாள். "இங்க உறவு கேட்டிருக்கே. மகன்னு எழுது. ஒரே மகன்."