கொப்பியில் விழுந்த கறை

யோகமலரின் டிப்ளோமா சான்றிதழைப் போட்டோ கொப்பி எடுத்தபோது மட்டும் தாளின் குறுக்கே சாம்பல் கறை விழுந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படித்தான்.

"இத ஃபைல்ல போட ஏலாது," என்றார் மேனேஜர் ரிஸ்கான். "அதே இன்ஸ்டிடியூட்ல படிச்சிட்டு இந்த வேலைக்கு வந்த மத்த ரெண்டு பேர்ட கொப்பியும் நல்லா வந்திருக்கே."

தெல்தோட்டையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து நேர்முகத்துக்கு வந்திருந்தாள் யோகமலர்.

"மெஷின ஒருக்கா பாக்கச் சொல்லுங்க சார்," என்று கெஞ்சினாள்.

மெக்கானிக் இல்ஹாம் வந்து மெஷின் கண்ணாடியைத் துடைத்தான், உள்ளே இருந்த டிரம்மை மாற்றினான். கறை போகவில்லை, இன்னும் கறுத்தது. ரிஸ்கான் பொறுமையிழந்து மணியைப் பார்த்தார்.

இல்ஹாம் கடைசியாக எடுத்த கொப்பியை வெளிச்சத்தில் பிடித்தான். கறை இப்போது எழுத்தாகவே தெரிந்தது: 'நகல்'.

"மெஷின்ல பிழையில்ல சேர். அசல் தாள்ல இந்த எழுத்த கண்ணுக்குத் தெரியாம அடிச்சிருப்பாங்க. கொப்பி எடுத்தாத்தான் மேல வரும். கள்ளச் சான்றிதழ்ல வராது."

ரிஸ்கான் மற்ற இரண்டு கொப்பிகளையும் மெல்லக் கையிலெடுத்தார். இரண்டும் கறையே இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

"நீங்க இரிங்க தங்கச்சி," என்று கதிரையை இழுத்துப் போட்டார்.