ஆறே முக்கால்

“இவ கையைத் தொட்டா பொணத்தைத் தொட்ட மாதிரி இருக்கு. ஏதோ பிடிச்சிருக்கு, வேற என்ன?”

தனசேகரன் போட்ட சத்தத்தில் கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் மனைவி பூவம்மா. குனிந்த தலை நிமிரவில்லை.

தாதி சங்கீதா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். ஐந்து நாளாகப் பூவம்மாவின் விரலில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி, கணினியில் போட்டுப் பார்த்தாள்.

“அங்கிள், தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு விரலுக்கு ரத்தம் போறது சட்டுனு குறையுது. அஞ்சு நாளும் அதே நேரம்.”

தனசேகரன் சட்டென்று முன்னால் சாய்ந்தார்.

“ரீசேல் வீடும்மா. முன்னால இருந்த கிழவர் எங்க படுக்கை ரூம்லதான் செத்தாராம். மணி தவறாம வர்றான் பாரு!”

“ஐயோ, பேயெல்லாம் இல்லலா. இது டென்ஷன்.”

“எனக்கு இல்லாத டென்ஷனா? என் பிரஷரைப் பாரு, நூத்தி எழுபது. இவளுக்கு நூத்திப் பதினஞ்சு. வீட்டுல சும்மா இருக்கிறவ!”

“ஆம்பளைங்க பலருக்கு பிரஷர் ஏறும். மெஷின் காட்டிக் கொடுத்துடும். பொம்பளைங்க பலருக்கு அப்படி இல்ல அங்கிள். சின்னச் சின்ன ரத்தக்குழாய் சுருங்கிடும். பிரஷர்ல தெரியாது, கைதான் சில்லிடும். இப்படியே போனா இதயம் தாங்காது. அந்த நேரத்துல எதுக்குப் பயப்படுறாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க.”

“எதுக்குடி பயப்படுற? சொல்லித் தொலையேன்!”

பூவம்மா இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் தனசேகரன் பூன் லே தொழிற்சாலையில் அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக, ஆறு மணிக்கே புக்கிட் மேரா வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைந்தார். மகள் அனுப்ரியா டியூஷனுக்குப் போயிருந்தாள். பூவம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வருவது எதுவானாலும் வரட்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அட, கதகதவென்று இருந்தது! இந்தக் கை இப்படி இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று?

வெளியே மழைக்கு இருட்டியது. அறைக்குள் எதுவும் அசையவில்லை. அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறே முக்கால்.

வேலை முடிந்து வந்த அடுத்த வீட்டு முத்தையா, தன் வீட்டு இரும்புக் கதவில் சாவியைப் போட்டுத் திருகினார். கடக்.

பிடித்திருக்கும்போதே கை சில்லிட்டது. விரல் நுனிகள் வெளுத்தன. தனசேகரன் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யாருமில்லை.

கண்ணைத் திறக்காமலே பூவம்மா முணுமுணுத்தாள்.

“அனு, கையை விடும்மா. சத்தம் போடாத. அப்பா வந்துட்டாரு.”