சுணங்கிய குஞ்சுகள்

மருந்துப் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, பூனை நடை நடந்து கோழிக் கொட்டகைக்குள் நுழைந்தான் பண்ணைக்காரன்.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

விடிந்தும் விடியாத நேரம். இவள் எப்போது எழுந்து வந்தாள்?

"என்னங்க, சட்டைக்குள்ள என்ன?"

"சும்மா... தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்க வந்தேன்."

"தண்ணி பாக்க மருந்தோடவா வருவாங்க? டாக்டரம்மா அவ்வளவு தூரம் சொன்னாங்களே!"

சொன்னார்தான். போன தடவை ரத்தக்கழிச்சல் வந்து பாதிக் கொட்டகை காலியானது. அதனால் இந்தக் குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து போட்டிருந்தார் டாக்டரம்மா. குடலை அரிக்கும் அதே ஒட்டுண்ணியைத்தான், துளியூண்டு, சிவப்புத் தண்ணீரில் கலந்து முதுகில் தெளித்தார். குஞ்சுகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தி அதை விழுங்கின.

இனிக் கொஞ்ச நாள் சுணங்கும், ஒட்டுண்ணியோடு மல்லுக்கட்டித்தான் உடம்பு தேறும், இடையில் மருந்து கொடுத்து அதைக் கொன்றுவிட்டால் எதிர்த்து நிற்கும் பலம் வராமலே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேட்கும்போது தலையாட்டியாகிவிட்டது. ஆனால் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்து, கண் சொக்கி, விளக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், ஆம்பிளைக்கும் பெற்ற வயிறு போலப் பதறுகிறதே!

"ஒரு மூடி... ஒரே ஒரு மூடி ஊத்திக்கிறேன்" என்று கெஞ்சினான்.

"என்னைத் தாண்டிப் போய் ஊத்துங்க பாப்போம்."

கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

அப்போது விளக்கடியில் ஒரு குஞ்சு கழுத்தை நீட்டியது. உடம்பை ஓர் உதறு உதறியது. தள்ளாடித் தள்ளாடித் தீவனத் தட்டுவரை வந்து, ஒரு கொத்துக் கொத்தியது.

பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு கும்பல்.

சற்று நேரத்தில் தட்டைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. கீச்சுக்கீச்சென்று காது கிழிந்தது. ஒரு வாண்டு தட்டுக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்டு தின்றது.

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சரிம்மா, நீதான் ஜெயிச்ச. எழுந்திரு" என்று கையை நீட்டினான்.

கையைப் பிடித்து அவள் எழுந்தபோது, போர்த்தியிருந்த சால்வைக்குள்ளிருந்து ஏதோ நழுவி உமித்தரையில் பொத்தென்று விழுந்தது.

குனிந்து பார்த்தான். அதே மருந்து. இன்னொரு பாட்டில்.

மூடி இன்னும் திறக்கப்படவே இல்லை.

அவளோ, இந்த உலகத்தில் வேறு வேலையே இல்லாதவள்போல, குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.