தம்பிக்கு முடிவெட்டின கதை

"அசையாதடா, காது போயிரும்!"

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில தம்பியைச் சுவரோரமா நிக்க வெச்சு, ஸ்கூல் பையில கிடந்த கத்தரிக்கோலால அவனுக்கு முடி வெட்டறேன். பேப்பர் வெட்டற கத்தரிக்கோல்டி அது. இந்தப் பக்கம் சரி பண்ணா அந்தப் பக்கம் தூக்குது, அந்தப் பக்கம் சரி பண்ணா இந்தப் பக்கம் மண்டை தெரியுது.

வெளிய ஒரு அம்மா கதவைத் தட்டறாங்க. "உள்ள குடித்தனமே வெச்சுட்டீங்களா?" தம்பி கண்ணாடியைப் பாத்துட்டு, "அக்கா, எலி கடிச்ச மாதிரி இருக்கு"ன்னு ஓன்னு அழறான். அழுகையோட சேந்து இருமல். அந்த இருமலாலதான் இவ்வளவும்.

இது போன வாரம். இப்ப இங்க எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் மட்டும் போர்வைக்குள்ள இருந்து உனக்கு டைப் பண்றேன். படிச்சதும் அழிச்சிரு.

உனக்குத்தான் தெரியுமே, எங்க வீட்டுல தலைவலித் தைலம்கூடக் கிடையாது. அப்பா அம்மா போற பிரார்த்தனைக் கூட்டத்துல, மருந்தைத் தொட்டா கடவுளை நம்பலன்னு அர்த்தம். தம்பிக்கு நெஞ்செல்லாம் சளி கட்டி, மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ள போய்ப் போய் வந்துச்சு. அப்பா பக்கத்துல உக்காந்து கண்ணை மூடி வேண்டிக்கிட்டே இருந்தாரு. அவரும் அழுதாருடி, அதான் என்னால அவரைத் திட்டக்கூட முடியல.

எதிர்வீட்டு அத்தை மட்டும் வாசல்ல நின்னு சண்டை போட்டாங்க. "பச்சப் புள்ளைங்க அது! டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடாம என்ன பண்றீங்க?" அம்மா கதவைச் சாத்திட்டாங்க.

மறுநாள், "தம்பிக்கு முடி வெட்டிட்டு வரேம்மா"ன்னு சொல்லி அவனைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். "அம்மா எங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க. "வேலைக்கு"ன்னேன். அவங்க முகமூடி மாட்டி மருந்துப் புகை குடுத்து, சிரப் எழுதிக் குடுத்து, "நாளைக்கு அம்மாவை வரச் சொல்லு"ன்னாங்க. நானும் ரொம்ப நல்ல பொண்ணா தலையாட்டினேன்.

பஸ் ஏறப் போறப்பதான் உறைச்சுது. முடி வெட்டவே இல்ல! வெட்டறதுக்குக் குடுத்த காசு மருந்துக் கடையில போயிருச்சு. திருட்டுத்தனம் பண்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும்டி.

வீட்டுக்குப் போனதும் அம்மா அவன் தலையையே பாத்தாங்க. செத்தேன்னு நினைச்சேன். "எந்தக் கடைக்காரன்டி இவன்? கண்ணை மூடிட்டு வெட்டினானா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அந்தக் கடைக்காரன் உங்க மகதாம்மா.

சிரப் பாட்டிலை என் ஷூவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். பல் தேய்க்கற சாக்குல பாத்ரூம்ல வெச்சு அவன் வாயில ஊத்துவேன். "யார்கிட்டயாவது சொன்னே, மறுபடி முடி வெட்டி விடுவேன்"னு மிரட்டினேன். பையன் வாயே திறக்கல. அஞ்சாறு நாள்ல இருமல் போயிருச்சு, நேத்து தெருவுல பந்து விளையாடினான்.

இன்னிக்குச் சாயங்காலம் கூட்டம். அங்க ஒரு வழக்கம், குணமானவங்களை ஸ்டூல் மேல ஏத்தி நிறுத்துவாங்க. வீட்டாளு ஒருத்தர் மைக்ல நடந்ததைச் சொல்லணும். தம்பி ஏறி நின்னான், கோப்பை ஜெயிச்சவன் மாதிரி. அப்பா என்னைத் தள்ளி விட்டாரு. "எம்பொண்ணு சொல்லுவா. ராத்திரி பகலா அவதான் கூடவே இருந்தா."

உண்மையைச் சொல்லிரலாம்னுதான்டி போனேன். ஆனா அப்பா இஸ்திரி போட்ட சட்டையோட முன்வரிசையில நின்னு என்னையே பாக்கறாரு. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்துல நான் பாத்ததே இல்ல. "வேண்டிக்கிட்டோம்... சரியாப் போச்சு"ன்னேன். ஒரே கைதட்டல். ஸ்கூல் பேச்சுப் போட்டியில எனக்கு ஒருத்தர்கூடத் தட்டினதில்ல.

கூட்டத்தை நடத்தற பெரியவர் கேட்டாரு, "ஒரு சொட்டு மருந்து உள்ள போச்சாம்மா?" இல்லன்னு தலையாட்டினேன். கழுத்து சுளுக்கற அளவுக்கு ஆட்டினேன்.

எதிர்வீட்டு அத்தையும் வந்திருந்தாங்க, முதல் தடவையா, மடியில அவங்க பாப்பாவோட. நான் பேசப் பேச அந்தக் குட்டி பாட்டில் தண்ணி முழுசையும் குடிச்சு முடிச்சிட்டு, "இன்னும் தண்ணி"ன்னு அவங்க கையைப் பிடிச்சு இழுக்குது. பொய் சொல்றவ நான், தொண்டை வறளுறது இவளுக்கான்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

முடிஞ்சதும் அத்தை ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. "உங்கம்மாவை அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன் கண்ணு. மன்னிச்சிரு." நான் பெரிய மனுஷி மாதிரி, "பரவால்ல அத்தை"ன்னேன். தம்பி பிழைச்சான், அப்பா சந்தோஷமா இருக்காரு, சண்டை போட்டவங்களும் ராசியாயிட்டாங்க. ஒரு பொய்யில எல்லாருக்கும் நல்லது பண்ணிட்டேன்னு வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் போட்டுட்டு வந்தேன்.

இரு, போன் வருது. எதிர்வீட்டு அத்தை. இந்த நேரத்துலயா?

எடுத்துட்டேன்டி. இன்னும் லைன்லதான் இருக்காங்க. அவங்க கேட்டதை அப்படியே டைப் பண்றேன்.

"கண்ணு, மருந்தே இல்லாம உன் தம்பி எழுந்து பந்து விளையாடறதைப் பாத்துட்டு, பாப்பாவுக்குத் தினம் போடற சர்க்கரை ஊசியை நேத்தே நிறுத்திட்டேன். இப்ப எழுப்பினா முழிக்க மாட்டேங்கறா, மூச்சு மட்டும் வேகவேகமா வாங்குது. நீதானே கூடவே இருந்தே, சொல்லு... உன் தம்பிக்கும் குணமாகறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சா?"